ஒழுகியது என் கையால் இல்லை

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. புதுக்கோட்டைக்கு வெளியே இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். மாசி மாதம். வொர்க்‌ஷாப்பின் தகரக் கூரை காலை பத்து மணிக்கே தகிக்க ஆரம்பித்திருந்தது. இதை எழுத உட்காரும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. நடுவில் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒரு ரேஸ் கார் செய்துகொண்டிருந்தோம். மாணவர்களே செய்து மாணவர்களே ஓட்டும் போட்டி ஒன்று கோயம்புத்தூர் பக்கம் நடக்கும், அதற்காக. செகண்ட் ஹேண்டில் ஒரு பைக் இன்ஜினை வாங்கி, இரும்புக் குழாய்களை வளைத்துச் சட்டம் கட்டி, அதில் அந்த இன்ஜினை உட்கார வைத்திருந்தோம். பதினோரு பேர் குழுவில் நான் ஒருத்திதான் பெண். முதலில் எனக்குக் கொடுத்த வேலை ஸ்டிக்கர் டிசைனும் ஸ்பான்சர்களுக்குக் கடிதம் எழுதுவதும். நான் மெக்கானிக்கல் படிக்க வந்தது கடிதம் எழுதவா? ஒரு மாதம் மல்லுக்கட்டி இன்ஜினின் அடிப்பகுதியைக் கேட்டு வாங்கினேன்.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்க ஒரு தொட்டி இருக்கும். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் அதை ஆயில் சேம்பர் என்பார்கள். பைக்கில் வந்த சேம்பர் ஆழமானது. தாழ்வான ரேஸ் காரில் வைத்தால் தரையில் இடிக்கும். அதனால் திருக்கோகர்ணத்தில் ஒரு பட்டறையில் அலுமினியத் தகட்டில் ஆழம் குறைவாக ஒன்றை வெல்டிங் செய்து வாங்கினோம். அதை இன்ஜினோடு சேர்த்துப் பதினான்கு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். நடுவில் ஒழுகாமல் இருக்க அட்டை மாதிரி ஒரு கேஸ்கட், அதற்கு மேல் கொஞ்சம் பேஸ்ட். இவ்வளவுதான் வேலை.

இந்த வேலையை நான் விளையாட்டாகச் செய்யவில்லை. டார்க் ரெஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் அளவு வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். எங்கள் குழுவுக்குப் பொறுப்பான சாரின் பீரோவில் இருந்து நோட்டில் கையெழுத்துப் போட்டு அதை வாங்குவேன். குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொரு போல்ட்டிலும் 'டிக்' கேட்கும்வரை இறுக்குவேன். பேஸ்ட் காய வேண்டும் என்பதால் அப்படியே விட்டுவிட்டு நாலே முக்கால் கல்லூரி பஸ்ஸில் ஆலங்குடிக்குக் கிளம்பிவிடுவேன். பெண்கள் அதற்கு மேல் வொர்க்‌ஷாப்பில் இருக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. எங்கள் பாதுகாப்புக்காம். பையன்கள் பொழுது சாயும்வரை இருப்பார்கள்.

மறுநாள் காலையில் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தோம். அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஐந்து நிமிடத்தில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. பத்து நிமிடத்தில் தாள் முழுக்க ஊறிவிட்டது. பத்து பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

போட்டியில் ஓடுபாதையில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் காரை வெளியே தள்ளிவிடுவார்கள். பின்னால் வரும் வண்டி வழுக்கினால் உயிர் போகும், அதனால் அந்த விதியில் தவறே இல்லை. அன்று மாலையே பையன்கள் சேம்பரைக் கழற்றித் துடைத்து வைத்தார்கள். நான் காலையில் வந்து புதுக் கேஸ்கட் வைத்து மறுபடி பூட்டினேன். மறுபடி ஒழுகியது. மூன்றாவது தடவையும் ஒழுகியது.

"முறுக்குப் புழியிற கையில போல்ட்டு டைட் பண்ணா நிக்குமா?" என்று ஒருவன் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். குழுவின் கேப்டன் சிரிக்கவில்லை. நல்ல பையன், என் நண்பன். "விடு, ஒனக்கு வலு பத்தலன்னா நாங்க இருக்கோம்ல" என்று ஆறுதல் சொன்னான். சிரித்தவனைக்கூட நான் மன்னித்திருப்பேன். இந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை. அளவு காட்டும் கருவி 'டிக்' என்று சொன்ன பிறகு என் வலுவுக்கு அங்கே என்ன வேலை?

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, மனசுல வச்சுக்காதீங்க. இன்னும் ஒரு தடவ ஒழுகுச்சுன்னா நீங்க ரிப்போர்ட் பக்கம் போயிருங்க. இன்ஜின் அடிய பசங்க பாத்துக்குவாங்க."

ஆக, எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் மறுபடி ஸ்டிக்கரும் கடிதமும்தான். அதைவிட, அடுத்த வருடம் எந்தப் பெண் வந்து இன்ஜின் வேலை கேட்டாலும் என் கதையைச் சொல்லியே அனுப்பிவிடுவார்கள்.

பேஸ்ட்தான் போலி என்று எனக்குச் சந்தேகம். குப்பைத் தொட்டியில் கிடந்த பழைய கேஸ்கட்டை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் நாங்கள் சாமான் வாங்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கடையில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண் பேரிங் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்துக் கேட்டேன்: "கடைக்காரர் இல்லைங்களா?"

அவர் திரும்பினார். "நாந்தாங்க கடைக்காரரு. சொல்லுங்க."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மூன்று வாரமாக எதற்காக வெந்துகொண்டிருந்தேனோ, அதையே வாசலில் கால் வைத்ததும் நானும் செய்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பழகிப்போச்சுங்க. நான் எடுத்துக் குடுத்தாக்கூட எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் வாங்குறாங்க" என்றார் சாதாரணமாக. கேஸ்கட்டை வாங்கி, "இங்கிட்டு வெளிச்சத்துல பாருங்க" என்று வாசல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

போல்ட் ஓட்டைகளைச் சுற்றி அந்தக் கேஸ்கட் நசுங்கிக் கூழாகியிருந்தது. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே புதுசு போல அப்படியே இருந்தது.

"பேஸ்ட்டுல கொறை இல்லைங்க. இது ரொம்ப இறுக்குனது. தகடு போல்ட்டுக் கிட்ட அமுங்கி நடுவுல தூக்கிக்கிட்டா ஆயில் வராம என்ன செய்யும்?"

"நான் அளவு வச்சுத்தாங்க இறுக்குனேன்."

"அப்ப ஒங்க அளவுக்கு மேல ஏறியிருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். சேம்பரின் விளிம்பு கொஞ்சம் நெளிந்திருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். வெல்டிங் சூட்டில் அப்படித்தான் ஆகும் என்று விட்டுவிட்டேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். கழற்றும் வேலையைப் பையன்கள் செய்ததால் போல்ட் எவ்வளவு இறுகியிருந்தது என்று எனக்குத் தெரியவும் வழியில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். கடலைக் காட்டில் இருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தவர், "ஒனக்கு வலு இல்லன்னா சொல்லுறாங்க? நீ மூடுன தண்ணிக் கொழா கேட்வால்வ ஒங்கப்பா தொறக்க முடியாம நிக்கிறத அவங்கள வந்து பாக்கச் சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மனசுக்குள் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கிளம்பும்போது தங்கையின் சிவப்பு நெயில் பாலிஷ் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பதினான்கு போல்ட்டையும் அளவாக இறுக்கிய பிறகு, ஒவ்வொரு போல்ட்டின் தலையில் ஆரம்பித்து சேம்பர் தகடு வரைக்கும் ஒரு மெல்லிய கோடு இழுத்தேன். போல்ட் திரும்பினால் கோடு உடையும். பக்கவாட்டில் கையை விட்டு ஸ்பேனர் போடுபவர்களுக்கு அது தெரியாது, இன்ஜினுக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். யாரிடமும் சொல்லாமல் நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக வந்து காருக்கு அடியில் படுத்தேன். பதினான்கு கோடுகளில் ஒன்றுகூட நேராக இல்லை. சில போல்ட்டுகள் கால் சுற்றுக்கு மேல் திரும்பியிருந்தன. ஒன்று மரை தேய்ந்து சும்மா சுற்றியது.

ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தவனைத் தடுத்து எல்லோரையும் கூப்பிட்டேன். போனில் எடுத்த படங்களைக் காட்டி, "நான் போன பிறகு இதைத் தொட்டது யாரு?" என்றேன்.

கேப்டன்தான் முதலில் வாயைத் திறந்தான். "கோவிச்சுக்காத. எதுக்கும் இருக்கட்டுமேன்னு நாந்தான் ஸ்பேனர எடுத்து இன்னும் ஒரு கை போட்டேன். ஒவ்வொரு தடவையும் போட்டேன். ஆனா ஒரு கைக்கு இவ்வளவு நகராதே."

பிரேக் வேலை பார்த்தவன் அவனைத் திரும்பிப் பார்த்தான். "நீயுமா? நான் மட்டுந்தான்னு நெனச்சேன்."

வொர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் தொண்டையைச் செருமினார். "நானும் சும்மா பாத்தேன்மா. ஸ்பேனர் கட்டையா இருந்துச்சு, அதான் பைப்பு மாட்டி..." பைப் மாட்டி! பிடி நீளமானால் இறுக்கம் பல மடங்கு ஏறும், அதுவும் விரல் தடிமன்கூட இல்லாத போல்ட்டுக்கு.

இந்த நேரம் பார்த்துச் சார் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "கதவப் பூட்டுறதுக்கு முன்னாடி நானும் ஒரு செக் பண்ணேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

நாலு பேர். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். ஒவ்வொருவரும் எனக்கு ஏதோ உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, என் பஸ் கேட்டைத் தாண்டியதும் வந்து ஒரு கை போட்டிருக்கிறார்கள். காலையில் ஒழுகியதும் அதே நாலு பேர் என் கையில் வலு இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இனி ஒழுகினால் உன்னை எடுத்துவிடுவேன் என்று சொன்ன ஆளே அதில் ஒருவர்.

எங்கள் பக்கம் எந்தப் பட்டறையிலும் வேலையை முடிக்கும்போது 'எதுக்கும் ஒரு கை போட்டுரு' என்பது வழக்கம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வேலை செய்தவன் முன்னாலேயே நடக்கும். அவனும் பக்கத்தில் நின்று பார்ப்பான். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. பிரேக் வேலை பார்த்தவனைக் காட்டிக் கேட்டேன்: "இவன் இறுக்குன பிரேக் போல்ட்டுல யாராவது இப்படிக் கை போட்டீங்களா?"

கேப்டன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல, "இல்ல. அதான் அவன் டைட் பண்ணிட்டானே" என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது. நான் கத்தினேன். அழுதேன் என்றும் சொல்லலாம், இரண்டும் சேர்ந்துதான் வந்தது. நான் செய்தால் அது 'செய்த வேலை' ஆகாதா, உங்களில் ஒருத்தர் வந்து தொட்டால்தான் முடியுமா என்று கேட்டேன். "நல்லதுக்குத்தானம்மா செஞ்சோம்" என்றார் இன்ஸ்ட்ரக்டர். இந்த நல்லதுக்குத்தான் என்பதைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

சேம்பரைக் கழற்றிச் சமமான மேடையில் வைத்துப் பார்த்தோம். விளிம்பு அலை அலையாக நெளிந்திருந்தது. அரை நாள் உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நானே நேராக்கினேன். தேய்ந்த மரையைச் சரிசெய்து, புதுக் கேஸ்கட் வைத்து, அதே கடையில் வாங்கிய அதே பேஸ்ட்டைப் போட்டு, பதினான்கு போல்ட்டையும் எல்லோர் முன்னாலும் இறுக்கினேன். ஒவ்வொரு 'டிக்'கும் அவர்களுக்குக் கேட்டது. மறுபடி சிவப்புக் கோடு இழுத்தேன், இந்தத் தடவை எல்லோருக்கும் தெரிய.

மறுநாள் காலை ஒரு கோடுகூட நகரவில்லை. ஆயில் ஊற்றி முக்கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டோம். அடியில் இருந்த செய்தித்தாளை எடுத்துப் பார்த்தால் சொட்டு ஆயில் இல்லை.

என்னிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நின்றேன். பிரேக் வேலை பார்த்தவன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவ பேஸ்ட்டு நல்லாப் புடிச்சிருச்சுபோல" என்றான்.

"பேஸ்ட்டு அதே பேஸ்ட்டுதான். நாலு கை கொறஞ்சிருக்கு" என்றேன்.

சார் ரிப்போர்ட்டில், 'குழுவின் கூட்டு முயற்சியால் கசிவு சரிசெய்யப்பட்டது' என்று எழுதினார். நான் அதை அடித்துவிட்டு, அளவுக்கு மேல் நான்கு பேர் இறுக்கியதால் கசிந்தது என்று எழுதினேன். அச்சானபோது அவருடைய வரிதான் இருந்தது. போட்டிக்கு இன்ஜின் பொறுப்பாளராக நான்தான் போனேன். சோதனை செய்தவர்கள் டார்ச் அடித்து அடியில் பார்த்துவிட்டு ஓட்ட அனுமதி கொடுத்தார்கள். நாங்கள் ஜெயிக்கவில்லை, நடுவில் எங்கோ வந்தோம். சேம்பர் ஒழுகவில்லை.

கேப்டன் மட்டும் ஊர் திரும்பும் வழியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டான். மற்ற மூவரும் இன்று வரை கேட்கவில்லை. தாங்கள் தப்பு செய்ததாக அவர்கள் நினைக்கவே இல்லை என்று இப்போது புரிகிறது. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். என் கீழே ஆறு பேர். யாராவது வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்லும்போது, எதுக்கும் ஒரு கை போடலாமா என்று எனக்கும் கை பரபரக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்த்து, "நான் ஒரு தடவ பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுகிறேன். அந்த நாலு பேரிடம் அன்று நான் எதிர்பார்த்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.