மாமனாரின் கட்டிலைத் திருப்பிய கதை

போன வாரம் என் மாமனார் கால் கட்டை விரலால் ஸ்விட்ச் போட்டார். எழுபத்து நாலு வயசில், மல்லாந்து படுத்தபடி... சர்க்கஸ் இல்லை. என் ஏற்பாடு.

மாமாவும் அத்தையும் கடலூர் முதுநகரில் தனியாக இருக்கிறார்கள். மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஜங்ஷனில் இன்ஜின் ஊதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். போன மாதம் பாத்ரூம் போக எழுந்தவர், இருட்டில் விழுந்துவிட்டார். முழங்கை வீங்கியதோடு போயிற்று. ஆனால் சிதம்பரத்திலிருந்து என்னோடு ஓடி வந்த என் மனைவி கலா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா, மூட்டையக் கட்டிக்கிட்டு எங்ககூட வந்துடணும்பா."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்ஸ் ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி கடக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சத்தத்திலிருந்து அவரைப் பிரிப்பதா? களத்தில் இறங்கினேன். கட்டிலைத் திருப்பி, தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே பாத்ரூம் கதவு வருகிற மாதிரி போட்டேன். தலையணைக்கு அருகில் ஸ்விட்ச். பிடித்து எழச் சுவரில் கம்பி. கரண்ட் எப்போது போகும், யாருக்குத் தெரியும்? ஆணியில் ஒரு டார்ச். பொங்கலுக்கு நான் வாங்கித் தந்த பூப்போட்ட மிதியடியையும் மறக்காமல் கட்டிலோரம் விரித்தேன். அறையே ஒரு கவிதை மாதிரி இருந்தது... எனக்கு.

மறுநாள் காலை மாமாவிடமிருந்து போன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. வெளக்குதான் காலுக்கு எரியுது."

கலாவும் நானும் போய்ப் பார்த்தோம். தலையணை எதிர்முனைக்குப் போயிருந்தது.

"நீங்க போட்டது வடக்கே தல, மாப்ள. அதுல எப்புடிப் படுக்கிறது? நான்தான் மாத்தி வச்சேன்" என்றார் அத்தை.

ஸ்விட்ச், கம்பி, டார்ச் — அத்தனையும் மாமாவின் பாதங்களுக்குச் சேவை செய்துகொண்டிருந்தன.

அறையை இஞ்ச் இஞ்சாக அளந்தவன் நான். அதில் படுப்பவரை ஒரு வார்த்தை கேட்டேனா?

கட்டிலைப் பழையபடி, கிழக்கே தலை வைக்கிற மாதிரி நகர்த்தினோம். அத்தை நைசாக மிதியடியைச் சுருட்டி ஓரம் வைத்தார்.

"ராத்திரி பாத்ரூமுக்கு எப்பவும் எப்படிப் போவீங்களோ, அப்படி நடந்து காட்டுங்க மாமா."

பட்டப்பகலில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். கை பீரோவைத் தொட்டது, நாற்காலியின் முதுகைத் தொட்டது, கதவு நிலையைத் தொட்டது. முப்பது வருஷமாகத் தினமும் ஓடுகிற ரயில், ஸ்டேஷன் ஸ்டேஷனாக... ஒரு தடுமாற்றம் இல்லை.

"அப்புறம் அன்னிக்கு மட்டும் ஏன் விழுந்தீங்க?" என்றேன்.

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தார்.

"சொல்லேம்மா" என்றாள் கலா.

"அந்த மிதியடிதான்டி வழுக்கிடுச்சி. மாப்ள ஆசையா வாங்கியாந்தது... எடுத்துப் போட்டா மனசு கஷ்டப்படுவாருன்னு அவுங்கதான் சொல்ல வேணாம்னாங்க."

விழுந்து முழங்கை வீங்கிய மனிதர், மாப்பிள்ளை மரியாதையை மட்டும் விழவிடவில்லை!

எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஸ்விட்சைப் பழைய தலைமாட்டுக்கு மாற்றினோம். கம்பியும் டார்ச்சும் கூடவே வந்தன. மாமா நடக்கிற வழியில், தரையோரம் ஒரு சின்ன பல்ப். அந்த வழியில் இனி ஒரு கந்தல் துணிகூடக் கிடக்கக் கூடாது என்பது கலாவின் உத்தரவு.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படி ஏதாவது செய்யப் போகிறீர்களா? ஸ்க்ரூ டிரைவரை அப்புறம் எடுங்கள். முதலில் அவர்களை நடந்து காட்டச் சொல்லுங்கள். விழுந்தது எதனால் என்று கேளுங்கள்... கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு.

மாமா முதுநகரிலேயே இருக்கிறார். மூட்டை கட்டிக்கொண்டு எங்களோடு சிதம்பரம் பஸ் ஏறியது, மிதியடி மட்டும்தான்.