டக், டிக்

இடது கை கால்சட்டைப் பைக்குள் இருக்கிறது. வலது கை மட்டும் டெஸ்ட் பென்னைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு திருகாணியாகத் தொட்டுப் பார்க்கிறது. மின்சாரம் ஓடும்போது இரண்டு கைகளையும் உள்ளே விட்டால் அது நெஞ்சு வழியாகப் பாதை தேடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் இடது கைக்கு விடுதலை.

திமோத்திக்கு ஐம்பத்தெட்டு வயது. சுங்கை வே பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு ரிலே பொருத்தியவர். இப்போது வீட்டுக் கூடத்து மேசைதான் பட்டறை. பழுதானதைப் பிரித்துப் பிரித்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதற்கு மனைவி ஜோசஃபினின் நகப்பூச்சுதான் அடையாளம்.

ரிலே என்றால் என்ன என்று கேட்டால், கேரி தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வளர்ந்த மனிதரிடம் ஒரே பதில்தான். "கங்காணி மாதிரி லா. அவன் ஒரு குலைகூட வெட்ட மாட்டான். கைய மட்டும் காட்டுவான், அங்க வேல நடக்கும். பன்னெண்டு வோல்ட் கைய காட்டும், இருநூத்து நாப்பது ஓடிப் போயி வேல செய்யும்."

முடித்த வேலையை அவர் தரையில் வைத்து யாரும் பார்த்ததில்லை. மரியாதைக்கு இடது கை வலது முழங்கையைத் தொட, நீட்டித்தான் கொடுப்பார். "கீழ வச்சா அது குப்ப லா."

இன்று மேசையில் இருப்பது பாலனுக்கான இரண்டாவது சுவிட்ச் பெட்டி.

பாலன் பிரிக்ஃபீல்ட்ஸில் மசாஜ் செய்பவர், பார்வை இல்லாதவர். துண்டுகளைச் சூடாக்கும் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். எண்ணெய்க் கையால் சுவர் சுவிட்சைத் தொட முடியாது, வாடிக்கையாளரைத்தான் கேட்பார். போன மாதம் ஒருவர், "ஆஃப் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பண்ணவில்லை. துண்டுகள் கருகி, புகை மாடிவரை ஏறியது. இன்னொரு முறை புகை வந்தால் காலி செய்ய வேண்டும் என்று கடைச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். பதினொரு வருடமாகப் பாலன் சோறு தின்பது அந்த அறையால்தான்.

காலால் மிதிக்கும் சுவிட்ச் ஒன்றைத் திமோத்தி செய்துகொடுத்தார். ஒருமுறை மிதித்தால் ஆன், மறுமுறை மிதித்தால் ஆஃப். மிதியில் இருப்பது பன்னிரண்டு வோல்ட்தான். ஈரக்கால் பட்டாலும் பயமில்லை. உள்ளே சத்தமே எழுப்பாத புது வகை ரிலே.

பாலன் மூன்று முறை மிதித்தார். பிறகு காதைச் சாய்த்துக் கேட்டார். "அண்ணே, இப்ப ஆனா, ஆஃபா?"

"மேல செவப்பு லைட் எரியுது பாருங்க."

பாலன் வெடித்துச் சிரித்தார். "நல்லாப் பாக்குறேன் அண்ணே."

திமோத்தி சுவிட்ச் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டே வீடு திரும்பினார். ஜோசஃபின் விடவில்லை. "கண்ணு தெரியாதவருக்கு லைட்டா? அடுத்து காது கேக்காதவருக்கு பெல்லு வைங்க."

மறுநாளான இன்று காலை பழைய வகை ரிலேயை எடுத்தார். ஒவ்வொரு முறையும் சத்தம் போடுகிறது என்று எல்லோரும் குறை சொன்ன அதே ரிலே. ஆன் ஆகி உள்ளே தகடு இழுபடும்போது கனமாக 'டக்'. ஆஃப் ஆகி விடுபடும்போது லேசாக 'டிக்'. அதை மெல்லிய பலகைப் பெட்டியின் முதுகில் திருகினார். சத்தம் மேளம்போல் பெருகியது. மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். ஜோசஃபின் மிதித்தாள், சில நேரம் மிதிப்பதுபோல் நடித்தாள்.

"இப்ப?"

"ஆன்."

"மிதிக்கவே இல்ல லா!"

பலகையை இன்னும் மெல்லியதாக மாற்றினார். அதன்பின் இருபதுக்கு இருபது.

பிற்பகல் பிரிக்ஃபீல்ட்ஸ் போனபோது, கட்டிலில் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். அவர் முதுகில் பாலனின் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. திமோத்தி பெட்டியைச் சுவரில் பொருத்தினார். தலைக்கு மேலே மோனோரயில் கடக்கும்வரை காத்திருந்து, அந்த இரைச்சலுக்குள் மிதியைக் கையால் அழுத்தினார்.

"ஆன்" என்றார் பாலன், கையை நிறுத்தாமல்.

மறுபடி அழுத்தினார்.

"ஆஃப்."

மூன்றாவது முறை விரலை மேலே வைத்து, அழுத்தாமல் எடுத்தார்.

"இப்ப?"

"என்னண்ணே வெளையாடுறீங்க? அழுத்தவே இல்லியே."

படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். "பாஸ், சுவிட்ச் போடணுமா? நான் எந்திரிக்கிறேன்."

"நீங்க படுங்க பாஸ். இனிமே அது என் வேல."

திமோத்தி இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு மிதியை நீட்டினார்.

"இந்தாங்க பாலன்."

"கையெல்லாம் எண்ணெய் அண்ணே. அப்படியே கீழ வச்சிருங்க."

திமோத்தி தரையைப் பார்த்தார். பிறகு கட்டிலோரம் குந்தி உட்கார்ந்து, பாலன் தூக்கிக் காட்டிய வலது பாதத்தின் கீழே, இரண்டு கைகளாலும் மிதியைக் கொண்டுபோய் வைத்தார்.