தேங்காயெண்ணெய் விட்ட துவக்கு

என் அத்தான் மான் வேட்டைக்கு ஒரு பழைய துவக்கு வாங்கினார். விசையைச் சுற்றியிருக்கும் கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால்தான் தோட்டா ஏறும். இந்தப் பனி நாட்டுக்கு வந்து நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜ் அப்பார்ட்மென்டின் சாப்பாட்டு மேசையில் கோடை முழுவதும் அதைக் கழற்றித் துருவைத் தேய்த்தார். நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். துவக்குக்கென்றே கடையில் எண்ணெய் விற்கிறது என்றேன்.

"உதெல்லாம் சுத்துமாத்து, காசு பிடுங்கிற வேலை. ஊரிலை தையல் மெசினுக்கே தேங்காயெண்ணெய்தான் விட்டனாங்கள்" என்று தாராளமாக ஊற்றினார். கைப்பிடி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆள் கெட்டிக்காரன், விண்ணன்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

நவம்பர்க் குளிரில் வடக்கே காட்டுக்குப் போனோம். விடிந்ததும் கொம்பு வைத்த மானொன்று எங்கள் முன்னால் வந்து, படம் எடுக்கச் சொன்னதுபோல் நின்றது. அத்தான் கைப்பிடியைத் தள்ளினார். அசையவில்லை. உள்ளே எண்ணெய் மெழுகுதிரியாக உறைந்திருந்தது. மான் பொறுமையாகப் பார்த்துவிட்டு, எங்களுக்காக வெட்கப்பட்டதுபோல் மெல்ல நடந்து போனது.

வீட்டில் அக்கா, தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலை வழக்கம்போல் சுடுதண்ணீரில் வைத்து உருக்கிக்கொண்டிருந்தாள். கதையைக் கேட்டுவிட்டு அத்தானை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனப்பா, அந்த மானிட்டைக் கொஞ்சம் சுடுதண்ணி கேட்டிருக்கலாமே?"