பாலத்தில் திரும்பி வந்தவள்

சின்ன வயதில் படித்த கதையைப் படமாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. அளவு ரவிக்கையைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி தைங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டாலும், தையல்காரர் கழுத்தைத் தன் இஷ்டத்துக்கு இறக்கிவிட்டு, "இப்போ இதுதான் மேடம் ஃபேஷன்" என்பார். சினிமாக்காரர்களும் அப்படித்தான். அதனால் நாங்கள் படித்து வளர்ந்த தொடர்கதை படமாக வருகிறது என்று அக்கா போனில் சொன்னபோது, "குட்டிச்சுவர் ஆக்கியிருப்பான், பாரு" என்றேன்.

அந்தச் சமயம் எனக்கு அக்காவின் மேலேயே சந்தேகமாகத்தான் இருந்தது. கனடாவில் இருக்கும் மகனிடம் போகப்போகிறாள். ஆறு மாதம்தான் என்கிறாள். ஆறு மாதத்துக்குப் போகிறவள் கிரைண்டரை எதற்குக் கீழ்வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுக்கிறாள்? பட்டுப்புடவைகளை, "நீ கட்டிக்கோடி, பெட்டியில இருந்தா மடிப்புல இத்துப்போயிடும்" என்று எதற்கு என் தலையில் கட்டுகிறாள்? கேட்டால் ஒரு சிரிப்பு. "உனக்கு எல்லாத்தையும் நோண்டணும்." ஆமாம், நோண்டுவேன். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விடை மட்டும் எழுதி வழியை எழுதாத பிள்ளையை நான் நம்பியதே இல்லை.

நான் கிழக்குத் தாம்பரம், அவள் பள்ளிக்கரணை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தான் போனபிறகு அவளும் தனி. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் வீட்டில் சாப்பாடு, அவள் கட்டிலில் தூக்கம், சாயங்காலம் ஒரு சண்டை, பிறகு பஸ். உறவு என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவள் ஒருத்திதான். அவள் போய்த் திரும்பவில்லை என்றால் என் கதி என்ன என்று யோசிக்கவே பயமாக இருந்தது. பயத்தை வெளியே சொல்லத் தெரியாததால் எரிந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

கதைக்கு வருகிறேன். அது வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அப்போதெல்லாம் தொடர் முடிந்ததும், வாராவாரம் பிரித்து வைத்த தாள்களை அடுக்கி, பைண்டிங் கடையில் கொடுத்துத் தடி அட்டை போட்டு வாங்கி வைப்போம். ஆனால் பத்திரிகை ஒரு வீட்டோடு நிற்காது, காலனியில் நாலு வீடு சுற்றும். சுற்றும்போது கத்தரிக்கோல் படும். கோலம், குழம்பு, ஊறுகாய், எது பிடித்தாலும் பெண்கள் வெட்டி எடுத்துக்கொள்வார்கள். பின்பக்கத்தில் கதை ஓடுகிறதே என்று ஒருத்தியும் திருப்பிப் பார்க்க மாட்டாள். எங்கள் பைண்டில் கடைசி அத்தியாயம் கிடையாது. அது எதிர்வீட்டு மாமியின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வாரம் மாமி வீட்டிலிருந்து புதிதாகத் தக்காளித் தொக்கு வாசனை வந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? மாமி உயிரோடு இருந்தவரை அவர் கொடுத்தனுப்பிய தொக்கை நான் தொட்டதில்லை.

பிற்பாடு அது புத்தகமாகவும் வந்தது. வீட்டிலேயே பைண்டு இருக்கிறதே, கடையில் எதற்கு என்று நாங்கள் வாங்கவில்லை. கடைசி அத்தியாயத்தை அக்கா சொல்லிக் கேட்டதுதான். பத்திரிகை மாமி வீட்டுக்குப் போவதற்கு முன்பே தான் படித்துவிட்டதாகச் சொன்னாள். அப்போது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினைந்து.

கதையில் அக்காள் தங்கை இரண்டு பேர். கிணற்றுக்குள் இறங்கி, நிழலே விழாத ஒரு நாட்டுக்குப் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். திரும்பி வர ஒரே வழி, பறவைகள் இறகு உதிர்த்துக் கட்டிய பாலம். அது ஒரே ஒரு ஆளைத்தான் தாங்கும். அக்காள்காரி பாதிப் பாலம் போய்விடுகிறாள். அங்கே நின்று, திரும்பி வந்து, தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். பாலம் தொய்கிறது, ஆனால் அறுந்துவிடவில்லை. எங்கள் அக்கா சொல்லி நான் கேட்ட கடைசி அத்தியாயம் இதுதான். எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பெரியவளான பிறகும், ஆஸ்பத்திரியிலோ பேங்க் வரிசையிலோ பயமாக இருந்தால் அந்த இடத்தை மனசுக்குள் ஓட்டிக்கொள்வேன்.

குரோம்பேட்டையில் மத்தியானக் காட்சிக்குப் போனோம். கிணறு நன்றாக இருந்தது. நிழலில்லாத நாட்டைக்கூட என் மனசில் இருந்த மாதிரியே எடுத்திருந்தார்கள். நான் கொஞ்சம் இளகிப்போய்ப் பாப்கார்னை அக்கா பக்கம் நீட்டினேன். பாலம் வந்தது. அக்காள்காரி நடந்தாள். பாதியில் நின்றாள். தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். பாலம் இறகு இறகாகக் கலைந்து விழுந்தது. இந்தப் பக்கம் நின்ற சின்னப் பெண் கையை ஆட்டினாள். அவ்வளவுதான், படம் முடிந்தது. தியேட்டரே மூக்கைச் சிந்தியது. எனக்கு அழுகை வரவில்லை, அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது.

"பாத்தியா அக்கா? பாவி, என்ன பண்ணி வெச்சிருக்கான் பாத்தியா?" என்றேன். அக்கா கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

பாத்ரூம் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு காலேஜ் பெண் தன் தோழியிடம், "புக்ல இருக்கிறதை அப்படியே எடுத்திருக்காங்கடி" என்று உருகிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருப்பேனா?

"எந்த புக்ல இருக்கு? அவ திரும்பி வந்து தங்கச்சியத் தூக்கிக்கிட்டுப் போவா. ஒழுங்காப் படிச்சியா?"

"இல்ல ஆன்ட்டி, விட்டுட்டுத்தான் போவா. நான் நிறைய வாட்டி படிச்சிருக்கேன்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் படிச்ச கதைம்மா அது!"

அந்தப் பெண் பயந்துபோய் அக்காவைப் பார்த்தாள். அக்கா என் முழங்கையைப் பிடித்து, "வா, போலாம்" என்றாள். எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. காய்கறிக்காரனோடு நான் சண்டை போட்டால்கூட எனக்கு மேல் குரல் உயர்த்துகிறவள், இவ்வளவு பெரிய அநியாயத்துக்கு வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்து அக்கா வீட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். "இன்னாமா, படம் எப்டி கீது? என் பொண்ணு கூட்டினு போகச் சொல்லி ஒரே பேஜாரு" என்றார் ஆட்டோக்காரர். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.

கீழ்க்கட்டளை சிக்னலில் வண்டி நின்றபோது அக்கா சொன்னாள். "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்."

"எது சரி?"

"படத்துல மாத்தலடி. நான்தான் மாத்தினேன். பைண்டுக்குக் கொடுக்கறப்போ அந்தத் தாளையும் நான்தான் எடுத்துட்டேன். பாவம் மாமி, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எதுக்கு?" என்றேன்.

"என்னை ஹாஸ்டல்ல சேர்க்கறதா முடிவாயிருந்த சமயம். நீ என் தாவணித் தலைப்பை உன் பாவாடை நாடாவோட முடிச்சுப் போட்டுக்கிட்டுத் தூங்கினே. நீ தூங்கறப்போ நான் போயிடுவேனாம். அந்த நேரத்துல, அக்காக்காரி விட்டுட்டுப் போயிட்டான்னு உங்கிட்ட எப்படிடி படிச்சுக் காட்டுவேன்?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் மேல் அப்போது வந்த பிரியத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். பாவம், பதினைந்து வயதுப் பெண். ஒரு கதையாசிரியரை எதிர்த்துக்கொண்டு எனக்காகப் பாலத்தில் திரும்பி வந்திருக்கிறாள். சினிமாக்காரன் மாற்றினால் அயோக்கியன் என்கிறேன், இவளை என்னவென்று சொல்வது?

வண்டி கோவிலம்பாக்கம் தாண்டுவதற்குள் அந்தப் பிரியத்துக்கு அடியிலிருந்து வேறொன்று கிளம்பியது. எனக்குத் தாங்காது என்று இவள் நினைத்தால், முடிவை மாற்றிச் சொல்வாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூடத் தெரியாமல் சொல்வாள். நானும் ஆயுசு முழுக்க நம்புவேன்.

"அக்கா, அப்போ இந்த ஆறு மாசம்?"

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை.

"எனக்கு ஏழு வயசு இல்ல. அழுதா அழுதுட்டுப் போறேன். உள்ளது உள்ளபடி சொல்லு."

"ஃப்ளாட்டை விக்கச் சொல்லியாச்சு" என்றாள். "தனியா இருக்காதேன்னு பையன் தினமும் போன்ல அழறான். அங்க போய்ச் சேர்ந்து, நீ தனியா இருந்து கொஞ்சம் பழகினதுக்கப்புறம் மெதுவாச் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்னன்னு?"

அவள் வெளியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நான் திரும்பி வர மாட்டேன்டி" என்றாள்.