நேர் ரோட்டில் ஆடிய கைகள்

பழங்காநத்தத்தில் ஒரு பட்டறையைக் கடக்கும்போது, வெயிலில் காய்ந்த ரெக்சினும் கிரீஸும் கலந்து அடித்த வாடையில், அப்பா வைத்திருந்த பழைய ஜீப்புக்குள் நினைவில் போய் உட்கார்ந்துவிட்டேன். அதன் முன்சீட்டில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே, கியர்க் கம்பி முழங்காலில் இடிக்க இடிக்கத்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கழிந்தன. ஸ்டியரிங்கைக் கால்வாசிச் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரம் அசையும் என்பதால், கப்பலூர் போகும் நேர் ரோட்டிலும் அப்பாவின் கைகள் இடமும் வலமுமாக ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அடியில் எங்கோ லொடக் லொடக்கென்று கேட்கும்.

"ரோட்டுல போறீகளா, இல்ல மாவாட்டுறீகளா?" என்பாள் அம்மா, முன்கம்பியை இறுகப் பிடித்தபடி. அப்பா சிரிப்பார்.

அவள் பயத்துக்காகத்தான் ஒருநாள் பட்டறையில் தேய்ந்த பாகங்களை மாற்றி ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு வந்தோம். திரும்பும் வழியில் அப்பா பழக்கத்தில் ஆட்ட, ஜீப் துள்ளிக் கண்மாய்க் கரையில் ஏறி நின்றது.

"வண்டி சரியாயிருச்சு. என் கைதான் சரியில்ல," என்றார் அப்பா. அந்த மாதமே அதை விற்றுவிட்டார்.

அதன்பின் டவுன் பஸ்ஸில் போகும்போதெல்லாம், மடியில் கிடக்கும் அவர் கைகள் இடமும் வலமுமாக அசையும். அம்மா அதைப் பார்ப்பாள். மாவாட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.