மாமாவுக்கு எந்த நேரத்து வானம்

வில்லியனூர், பாகூர் சுற்றுவட்டாரப் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில், சேகர் மாமாவின் பேனர் கடையில் மிஷின் நின்றுவிட்டது. பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, தலைவர் வருகை எதற்கும் இப்போதைக்கு ஆர்டர் எடுக்கப்படாது.

இதை எனக்குப் போனில் சொன்னவர் அங்கே மிஷின் ஓட்டும் மணி அண்ணன். "மறுபடியும் மக்கர் பண்ணுதா?" என்றேன். "மிஷின் இல்லடா. மாமா" என்றார். நான் சிரித்தேன். நான் ஊரையே விளையாட்டுக்கு ஏமாற்றுகிறவன் என்பதால், அவர் என்னைத் திருப்பி ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் அங்கேயே போய்விட்டார் என்பது, அடுத்து அப்பா அழுதுகொண்டே பேசியபோதுதான் புரிந்தது. புரிந்தது என்று எழுதிவிட்டேன். இன்னும் புரியவில்லை.

மாமா என் அத்தையின் கணவர். அவரைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய வானத்தைத் தெரியும். நம் பக்கத்தில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனரில் முகத்துக்குப் பின்னால் ஒரு மலை, மேலே மேகம் இருக்குமே, அது அவர் எடுத்தது. மற்ற கடைகளில் நெட்டிலிருந்து பனிமலையை இறக்கி வைப்பார்கள். மாமாவுக்கு அது ஆகாது. "பின்னாடி பனிய வச்சா, நம்ம ஆளு குளுருல செத்தாருன்னு நெனைப்பானுங்க" என்பார்.

நம் ஊரில் மலை ஏது? அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிப் பக்கம் வண்டியை விடுவார், பின் சீட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு. வானம் பார்த்த பூமி கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் வானம் பார்த்த ஆசாமி. மலையேற மாட்டார். மலைக்கு எதிரே ஒரு வயல் ஓரத்தில் ஸ்டாண்டை நட்டுக் கேமராவை மாட்டினால், காலை வெளிச்சத்திலிருந்து நட்சத்திரம் தெரியும்வரை அதை அசைக்கமாட்டார். அவ்வப்போது ஒரு படம். "மல அங்கியேதான் குந்திக்கினு இருக்குது. மேல இருக்கறதுதான் நிக்க மாட்டேங்குது" என்று சொல்வார். பத்து மணி மேகம் பஞ்சு. மூன்று மணி மேகம் அழுக்குத் துணி. சாயங்காலம் மலையே ஊதா நிறமாகிவிடும்.

ஏன் அத்தனை நேரத்து வானமும் என்றால், அதுதான் மாமா. ஒருமுறை சுத்துக்கேணியிலிருந்து ஒரு அம்மா, இறந்த கணவரின் ரேஷன் கார்டுப் படத்தோடு வந்தார். சைஸ் என்ன, வாசகம் என்ன என்றெல்லாம் மாமா கேட்கவில்லை.

"எந்த நேரத்துலம்மா அவுரு சந்தோசமா இருப்பாரு?"

அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தார். "மாடு ஓட்டிக்கினு வூட்டுக்கு வர்றப்ப ஏதோ பாடிக்கினே வருவாரு. அஞ்சி மணி இருக்கும்பா."

பேனரில் ஐந்து மணி வானம் வந்தது. காரணம் மாமாவுக்கும் அந்த அம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

என் கூட்டாளி தினேஷ் பிறந்தநாளுக்கு, மாமா இல்லாத நேரத்தில் நானே கடை சிஸ்டத்தில் உட்கார்ந்து இருட்டுகிற வானத்தை வைத்துவிட்டேன். பார்த்தவர்கள் மாலையோடு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். தினேஷின் அம்மா கடை வாசலில் நின்று என் வம்சத்தையே விசாரித்தார். மாமா அவருக்குப் புது பேனர் அடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீ வச்சது சரிதாண்டா மாப்ள. அந்தப் பையன் தூங்கி எழுந்துக்கறதே சாயங்காலம் ஆறு மணிக்குத்தான்."

அப்படிப்பட்டவருக்கு இப்போது பேனர் அடிக்க வேண்டும். மணி அண்ணன் மிஷினைப் போட்டுவிட்டு, "எந்த வானம்டா?" என்றார். காலையில் காப்பி குடிக்கும்போது என்றார் அத்தை. மத்தியானத் தூக்கம் என்றார் அப்பா. "ராத்திரி மிஷின் ஓடுற சத்தம் கேட்டாத்தான் மொகமே தெளியும்" என்றார் மணி அண்ணன். மூவரும் மூன்று வேறு ஆட்களைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது. கடைசியில் அத்தை, "எனக்கே தெரியலியேடா, இத்தினி வருசம் கூட இருந்து" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பார்க்கச் சகிக்காமல் நான் எழுந்தேன். "கூடவே மலைக்குப் போனவன் நான்தான். எனக்குத் தெரியும், வுடுங்க."

மறுநாள் தெருமுனையில் நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். இடது ஓரம் விடியல், நடுவில் உச்சி வெயில், வலது ஓரம் நட்சத்திரம். ஒரே மலைக்கு மேல் ஒரு முழுநாள், நடுவில் மாமா. நின்று பார்க்காதவர் இல்லை. சிலர் போட்டோ எடுத்தார்கள். "இன்னா யோசன பாரு பையனுக்கு" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். போதாததற்கு, இரண்டே மணி நேரத்தில் முடித்தேன், வேறு யாராலும் முடியாது என்று நாலு பேரிடம் அளந்தும் வைத்தேன்.

அத்தை மட்டும் பேனருக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லா நேரமும் சந்தோசமாத்தான் இருந்தாருன்னு ஒனக்கு எப்புட்றா தெரிஞ்சுது?" என்று கேட்டார். "அவரு சொல்லுவாரு அத்த" என்றேன்.

அவர் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வானத்தைப் பார்த்தார், நான் வேப்பமர நிழலில் போனைப் பார்த்தேன். சிஸ்டத்தில் அத்தனை படங்களையும் திறந்துவைத்து உட்கார்ந்தபோது, எந்த வானத்தைப் பார்த்து அவர் சிரித்திருப்பார் என்று ஒன்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எதையும் ஒதுக்கப் பயமாக இருந்தது. அதனால் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டினேன். அது யோசனை இல்லை, அத்தை. எனக்குத் தெரியாது.