நாற்பதுக்கு ஏழு

அக்காவுக்குக் கோபமே வராது என்று சொல்லித் திரிந்தவர்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து, அன்றைக்கு வகுப்பு அறிவிப்புப் பலகை முன்னால் அவள் முகத்தைக் காட்டியிருக்க வேண்டும். எள்ளும் கொள்ளும் வெடித்தது. கேமரா வேலைக்கு மொத்தம் நாற்பது மார்க். அக்காவுக்கு ஏழு. அவளோடு சேர்ந்து அதே படத்தைச் செய்த, வகுப்பில் ‘ஹீரோ’ என்று கூப்பிடுகிற பையனுக்கு முப்பத்தாறு. பக்கத்தில் சாரின் குறிப்பு வேறு: ‘கேமராவைப் பிடிக்கும் முறை அருமை.’

அக்கா என்றால் யாருக்கு அக்கா? எல்லாருக்கும்தான். வயது முப்பத்தைந்து, வகுப்பில் மற்றதெல்லாம் இருபது. பதினோரு வருஷமாக ஒரு ஸ்டூடியோவில் வேலை. அடையாள அட்டைக்கு ஒரு முகம், பாஸ்போர்ட்டுக்கு ஒரு முகம், வேலை மனுவுக்கு ஒரு முகம். “தாடையை இறக்குங்க, தோளைத் தளர விடுங்க” என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரிடம் சொல்லிச் சொல்லி, வீட்டில் மகள் சாப்பிட உட்கார்ந்தால்கூட வாயில் அதுதான் வரும். எடுப்பது அவள். கவரில் அச்சாகிற பெயர் முதலாளி மகனுடையது. அந்தப் பிள்ளைக்கு லென்ஸ் மூடியைக் கழற்றத் தெரியும், அதுவரைக்கும் நிச்சயம்.

இந்த நிலைமையில்தான் ஒரு பெரிய அச்சகத்தின் மேனேஜர் அவள் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, “கை நல்லா இருக்கும்மா. டிப்ளமோ சான்றிதழைக் கொண்டு வாங்க, வேலை உங்களுக்குத்தான். மாசக் கடைசி வரைக்கும் இடத்தை வெச்சிருக்கேன்” என்றார். சான்றிதழுக்கு ரெண்டு வருஷமாகச் சாயங்கால வகுப்புக்கு அலைந்து, கடைசியில் இந்த ஒரு படம்தான் பாக்கி. கேமராவில் இருபது வாங்கினால் பாஸ். வாங்கியது ஏழு. அதுவும் ஒழுங்காக வந்து போனதற்காம்.

படம் என்னவென்றால், ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கிற ஒரு நீராவி லாண்டரியைப் பற்றிய பத்து நிமிஷ ஆவணப்படம். குழுவில் மூணு பேர். படத்தை வெட்டி ஒட்டுகிற வேலை சின்னதுக்கு. வகுப்பிலேயே குட்டியான பெண் என்பதால் அப்படி ஒரு பட்டப்பெயர். கேமரா அக்காவுக்கு. அறைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உலாவுகிற ஹீரோ டைரக்டர். டைரக்டருக்கு என்ன வேலை என்று கடைசி வரை யாருக்கும் விளங்கவில்லை. டீ குடிக்கிறது மட்டும் விளங்கியது.

ஐந்து நாள் அந்தப் புழுக்கத்தில் அக்கா நின்றாள். உள்ளே போனதும் லென்ஸில் ஆவி படியும் என்று அரை மணி முன்னாலேயே போய் கேமராவை அந்தச் சூட்டுக்குப் பழக்கிவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். இதெல்லாம் புத்தகத்தில் இல்லை.

இப்போதுதான் வருகிறது வினை. யார் எந்த வேலையைச் செய்தார்களோ, அதைச் செய்கிற மாதிரி அவர்களுடைய போட்டோவை அறிக்கையில் ஒட்ட வேண்டும். அதுதான் சாட்சி. கடைசி நாள் ஹீரோ வந்து நின்றான்.

“அக்கா, கேமராவோட என்னை ஒண்ணு எடுங்க. அம்மாவுக்கு அனுப்பணும்.”

எடுக்கப் போனாள். அவன் கேமராவைப் பிடித்திருந்த லட்சணம், சந்தையில் பூசணிக்காய் வாங்கி வருகிற மாதிரி இருந்தது. எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். தொழில் புத்தி விடுமா? “தம்பி, இடது கையை லென்ஸுக்கு அடியில கொண்டு வா. முழங்கையை உடம்போட ஒட்டு. மூச்சைப் பிடி” என்று சொல்லிச் சொல்லி எட்டுப் படம் எடுத்தாள். அவள் ஸ்டூடியோ வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் அறிக்கையை எழுதி முடித்த ஹீரோ, கேமரா என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு அந்த எட்டையும் ஒட்டிவிட்டான். அக்காவின் படம் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் எடுத்தது அவள். தன்னை ஒன்று எடுக்கச் சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

பலகை முன்னாலிருந்து நேராக சார் அறைக்குப் போனாள்.

“சாட்சி இல்லையேம்மா,” என்றார் சார். “நான் என்ன பண்ண?”

“எடுத்தது நான் சார்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“அப்ப அவங்களையும் கூப்பிட்டுக் கேளுங்க.”

கூப்பிட்டார். ஹீரோ திருட்டு முழி முழித்தான். “அக்காவும் ஹெல்ப் பண்ணாங்க சார்” என்று மென்று விழுங்கினான். ஹெல்ப். அந்த ஒரு வார்த்தைக்கு அக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. எனக்கே ஏறுகிறது. அவன் கன்னத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு சின்னது பக்கம் திரும்பினாள்.

“வெட்டாத படமெல்லாம் உன்கிட்டதானே இருக்கு? போட்டுக் காட்டு.”

சின்னது ஹீரோவை ஒரு பார்வை பார்த்தது. பிறகு பையைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து சாரின் கம்ப்யூட்டரில் செருகியது. முடித்த படத்தில் முழுக்க இசையைப் போட்டு மூடியிருந்தார்கள். வெட்டாததில் கேமரா கேட்ட சத்தமெல்லாம் அப்படியே இருக்குமே.

திரையில் வெள்ளை விரிப்பு ஒன்று இஸ்திரி போடுகிற உருளைக்குள் போனது. கேமராவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல்: “தம்பி, வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளு.” அடுத்த துண்டில், “அண்ணே, என்னைப் பாக்காதீங்க, உங்க வேலையைப் பாருங்க.” ஏழாவதில் எங்கோ வாசல் பக்கமிருந்து ஹீரோவின் குரல் வந்தது. “அக்கா, இன்னும் எவ்வளவு நேரம் எடுப்பீங்க? நான் டீ குடிச்சிட்டு வரேன்.”

சின்னது சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“சரிம்மா. ரெண்டு பேருக்கும் ஆளுக்கு இருபத்திரண்டு போட்டுடறேன். கூட்டல் பிழைன்னு நானே திருத்திக்கலாம். நீங்களும் பாஸ், அவனும் பாஸ். நாளைக்கே சான்றிதழ்.”

“அவன் எதை எடுத்தான்னு அவனுக்கு இருபத்திரண்டு?”

“முறைப்படி மாத்தணும்னா தேர்வுக் குழுவுக்குப் போகணும். ஆறு வாரம் ஆகும். உங்களுக்கு வேலை காத்திருக்குன்னு கேள்விப்பட்டேன். பாஸ்தானே வேணும்?”

மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அக்காவுக்குத் தெரியாதா? வாய்வரை வந்தது ‘சரி’. அந்த நேரம் பார்த்து ஹீரோ பெருமூச்சு விட்டு, “தேங்க்ஸ் சார்” என்றான்.

“மனு எழுத ஒரு பேப்பர் குடுங்க சார்,” என்றாள் அக்கா. “பதினோரு வருஷமா நான் எடுக்கிறதுல இன்னொருத்தன் பேர் போடறான். அது கடை, சம்பளத்துக்காகப் பொறுத்துக்கிட்டேன். இங்கயும் அதுதான்னா இங்க எதுக்கு வந்தேன்?” மேஜை ஓரத்தில் நின்றபடியே எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் தட்டை நகர்த்திவிட்டார். “ரெண்டு வருஷமா சாயங்காலம் சமைச்சது நான். இருபத்திரண்டை வாங்கிட்டு வர வேண்டியதுதானே? உன் ரோஷத்துக்கு எவன் சம்பளம் தருவான்?” அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பாத்திரங்கள் பட்ட பாடு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அச்சகத்துக்குப் போன் போட்டு, தாமதமாகும் என்று காரணத்தோடு சொன்னாள். மேனேஜர் வருத்தப்பட்டார். வருத்தம் மட்டும்தான் பட்டார்.

ஆறு வாரம் என்றது எட்டு வாரமானது. மார்க் பட்டியலும் சான்றிதழும் ஒரே கவரில் வந்தன. கேமரா, நாற்பதுக்கு முப்பத்தெட்டு. ஹீரோ கேமராப் பாடத்தைத் திரும்பச் செய்கிறான் என்று சின்னது போனில் சொன்னது. அச்சகத்தில் வேறு ஆள் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வீட்டுக்காரர் காகிதத்தை ரெண்டு தடவை படித்தார். “முப்பத்தெட்டு,” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, “இன்னுமா கோபம் போகல?” என்று கேட்டார்.

“எதுக்குப் போகணும்?” காகிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். “ஊர்ல அச்சகம் அது ஒண்ணுதானா? வண்டியை எடுங்க.”